வேடந்தாங்கல் ஏரிக்கரை: உடல் தேறி வருபவர்களுக்கு ஏற்ற நடை

வேடந்தாங்கலைப் பற்றிப் பறவை ஆர்வலர்கள் எழுதிய குறிப்புகள் நிறையவே கிடைக்கின்றன. இந்த மதிப்புரை வேறொருவருக்காக எழுதப்படுகிறது. காய்ச்சலில் படுத்து எழுந்து, வீட்டுக்குள்ளேயே கிடந்து மனம் சலித்து, வெளியே போக வேண்டும் என்ற ஆசை இருந்தும் நீண்ட தூரம் நடக்கத் தெம்பில்லாமல் இருப்பவர்கள் ஒவ்வொரு குடும்பத்திலும் இருக்கிறார்கள். அவர்களுக்கு இந்த ஏரிக்கரை எந்த அளவுக்குப் பயன்படும் என்பதைத்தான் இங்கே சொல்ல விரும்புகிறேன். வைரஸ் காய்ச்சல் விட்டுப்போன சோர்வோடு சென்று நடந்த அனுபவத்திலிருந்தும், அதற்குப் பிறகு முழங்கால் வலியுள்ள என் அக்காவை அழைத்துச் சென்று பார்த்ததிலிருந்தும் இதை எழுதுகிறேன். சென்னையிலிருந்து காலையில் கிளம்பி மாலைக்குள் திரும்பிவிடக்கூடிய இடங்களில், உடல் தேறி வருபவருக்கு இதைவிடப் பொருத்தமான நாட்டுப்புற நடை வேறில்லை என்பது என் உறுதியான கருத்து.

காரணம் எளிமையானது. நோயிலிருந்து எழுந்தவர் நகரத்துப் பூங்காவில் நடக்கும்போது அவரைத் தளர்த்துவது தூரம் மட்டுமல்ல; சுற்றியிருப்பவர்களின் வேகமும் சேர்ந்தே தளர்த்துகிறது. எல்லோரும் சுற்றுக் கணக்கு வைத்துக்கொண்டு விரைந்து கடந்துபோகும் பாதையில், நாலு எட்டு வைத்துவிட்டு மூச்சு வாங்க நிற்பவர் தான் இன்னும் நோயாளிதான் என்பதை ஒவ்வொரு முறையும் உணர வேண்டியிருக்கிறது. வேடந்தாங்கல் கரையில் நடப்பதற்காக நடப்பவர் யாருமில்லை. நல்ல உடல்நலத்தோடு இருப்பவர்களும் அங்கே பத்தடிக்கு ஒருமுறை நிற்கிறார்கள், ஒரு மரத்தையே பார்த்துக்கொண்டு கால்மணி நேரம் உட்கார்ந்திருக்கிறார்கள், மெல்லிய குரலில் பேசுகிறார்கள். ஆகவே அடிக்கடி நின்றும் உட்கார்ந்தும் செல்ல வேண்டியிருப்பவர் அங்கே தனித்துத் தெரிவதில்லை. இதை ஒரு சிறிய வசதி என்று ஆரோக்கியமாக இருப்பவர்கள் நினைக்கலாம். படுக்கையிலிருந்து எழுந்து முதல்முறையாக வெளியே வருபவருக்கு அதன் அருமை தெரியும்.

செங்கல்பட்டு மாவட்டம் மதுராந்தகம் வட்டத்தில் இருக்கும் இந்தச் சரணாலயம் சுமார் 30 ஹெக்டேர் பரப்புள்ள ஒரு பாசன ஏரி. ஏரியின் கரைமேல் அமைந்த பாதைதான் நடைக்குரிய இடம். பாதை சமதளமாகச் செல்கிறது. ஏற்ற இறக்கம் என்று சொல்லும்படி எதுவுமில்லை. சிக்குன்குனியா வந்து போன பின் மூட்டுகளில் வலி மாதக்கணக்கில் தங்கிவிடுபவர்களுக்குப் படிகளும் சரிவுகளும்தான் பெரும் துன்பம் என்பதால், மலைவாசத்தலங்களைவிட இத்தகைய ஏரிக்கரை அவர்களுக்கு உகந்தது. கரையில் மரநிழல் உண்டு, உட்கார இருக்கைகள் உண்டு. ஒரு கண்காணிப்புக் கோபுரமும் இருக்கிறது. அதன் படிகளில் ஏற வேண்டிய தேவையே இல்லை, ஏனென்றால் பறவைகள் கூடு கட்டும் மரங்கள் கரையிலிருந்தே நன்றாகத் தெரியும். தண்ணீருக்குள் நிற்கும் நீர்க்கடம்பு, கருவேல மரங்கள் ஒவ்வொன்றிலும் பறவைகள் ஓர் ஊரைப் போல நெருக்கமாகக் குடியேறியிருக்கும்.

அந்தக் காட்சியைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் அதுதான் இங்கே மருந்து. வடகிழக்குப் பருவமழையில் ஏரி நிறைந்ததும் நவம்பர் முதல் பறவைகள் வந்து சேர்கின்றன. டிசம்பர், ஜனவரி மாதங்களில் கூடுகளில் வேலை மும்முரமாக நடக்கும். நத்தைக்குத்தி நாரையின் அலகு நடுவில் ஒன்றோடொன்று சேராமல் இடைவெளி விட்டிருப்பதை வெறுங்கண்ணாலேயே பார்க்கலாம். நத்தையைப் பிடித்து அதன் சதையை வெளியே எடுக்க ஏற்ற அலகு அது. கூழைக்கடாவின் குஞ்சு, தாயின் தொங்கும் தொண்டைப்பைக்குள் தலையையே நுழைத்து இரை எடுக்கும். பாம்புத்தாரா நீந்தும்போது கழுத்து மட்டும் வெளியே தெரியும். கரையேறியதும் நனைந்த இறகுகளை விரித்துக்கொண்டு வெயிலில் அசையாமல் நிற்கும், நீர்க்காகமும் அப்படியே. கரண்டிவாயன் தட்டையான அலகை நீரில் இடமும் வலமும் வீசியபடி நடக்கும். அரிவாள்மூக்கன்களும், மஞ்சள் மூக்கு நாரைகளும், பகலெல்லாம் கிளைகளுக்குள் ஒடுங்கிக் கிடக்கும் இராக்கொக்குகளும் ஒரே மரத்தின் வெவ்வேறு கிளைகளைப் பங்கிட்டுக்கொண்டிருக்கும். வடக்கிலிருந்து வரும் ஊசிவால் வாத்துகள் திறந்த நீர்ப்பரப்பில் மிதக்கும்.

இவற்றையெல்லாம் பார்க்க எந்த முயற்சியும் வேண்டியதில்லை என்பதுதான் சிறப்பு. நோயின்போது புத்தகம் படித்தால் தலை கனக்கிறது, கைப்பேசித் திரையைப் பார்த்தால் கண் எரிகிறது, உறவினரோடு பேசினாலும் சீக்கிரம் களைப்பு வருகிறது. ஆனால் ஒரு நாரை குச்சியைக் கொண்டுவந்து கொடுப்பதையும், கூட்டில் இருக்கும் துணை அதை வாங்கிச் செருகுவதையும், பிடிக்காமல் பிடுங்கி வேறிடத்தில் வைப்பதையும் பார்த்துக்கொண்டிருப்பது களைப்பைத் தருவதில்லை. ரேச்சல் கப்லன், ஸ்டீபன் கப்லன் என்ற அமெரிக்க உளவியல் அறிஞர்கள் இருவர் இதை விரிவாக ஆராய்ந்தவர்கள். வேலையிலும் படிப்பிலும் நாம் வலிந்து செலுத்தும் கவனம் சோர்ந்துபோகும் தன்மையுடையது என்றும், நீரும் மரமும் மேகமும் தாமாகவே ஈர்க்கும் மென்மையான கவனம் அந்தச் சோர்வை ஆற்றுகிறது என்றும் அவர்கள் விளக்கினார்கள். காய்ச்சலுக்குப் பின் வரும் மந்தத்தில் இருப்பவர் ஏரிக்கரையில் ஒரு மணி நேரம் உட்கார்ந்தால் அந்த விளக்கம் தன் உடம்பிலேயே நடப்பதை உணர முடியும்.

இயற்கைக் காட்சிக்கும் உடல் தேறுவதற்கும் உள்ள தொடர்பைப் பற்றிப் பலரும் மிகைப்படுத்திப் பேசுவதால், உண்மையில் அறியப்பட்டது எவ்வளவு என்பதையும் சொல்லிவிடுகிறேன். 1984-இல் ராஜர் அல்ரிக் என்பவர் வெளியிட்ட ஆய்வு இத்துறையில் பெரிதும் மேற்கோள் காட்டப்படுவது. பென்சில்வேனியாவில் ஒரு மருத்துவமனையில் பித்தப்பை அறுவைச் சிகிச்சை செய்துகொண்டவர்களின் பதிவேடுகளை அவர் ஒப்பிட்டார். சன்னல் வழியே மரங்கள் தெரிந்த அறையில் இருந்தவர்கள், செங்கல் சுவர் மட்டுமே தெரிந்த அறையில் இருந்தவர்களைவிடச் சற்று முன்னதாக வீடு திரும்பினார்கள். வலிமையான வலி மருந்துகளும் அவர்களுக்குக் குறைவாகவே தேவைப்பட்டன. அது 46 நோயாளிகளை மட்டுமே கொண்ட சிறிய ஆய்வு. 2019-இல் இங்கிலாந்தில் ஏறத்தாழ 20,000 பேரிடம் திரட்டிய தகவல்களிலிருந்து, வாரத்துக்கு 120 நிமிடமாவது இயற்கைச் சூழலில் கழிப்பவர்கள் நல்ல உடல்நலத்தோடும் மனநிறைவோடும் இருப்பதாகக் கூறும் வாய்ப்பு அதிகம் என்று கண்டறியப்பட்டது. நலமாக இருப்பவர்கள்தான் அதிகம் வெளியே போகிறார்களா, வெளியே போவதால் நலம் வருகிறதா என்பதை அத்தகைய ஆய்வால் முழுமையாகப் பிரித்துச் சொல்ல முடியாது. ஏரிக்கரை நடை வைரஸைக் கொல்லும் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். அது தருவது மனத் தெளிவும், பசியும், நல்ல உறக்கமும்.

உறக்கத்துக்கு ஒரு தெளிவான காரணம் உண்டு. வெளிச்சத்தை லக்ஸ் என்ற அலகால் அளக்கிறார்கள்; வீட்டுக்குள் விளக்கு வெளிச்சம் பெரும்பாலும் சில நூறு லக்ஸ் அளவைத் தாண்டுவதில்லை. வெளியே காலை வெயிலில் அது 10,000 லக்ஸுக்கும் மேல் போகும், மேகமூட்டமான நாளிலும் அறையைவிடப் பல மடங்கு அதிகமாகவே இருக்கும். உடலின் பகல்-இரவுக் கடிகாரம் இந்த வெளிச்சத்தைக் கொண்டுதான் தன்னைச் சரிசெய்துகொள்கிறது. நோயில் படுத்தவர் பகலில் திரை போட்ட அறையில் தூங்கி, இரவில் விழித்துக் கிடந்து, அந்தக் கடிகாரத்தைக் குலைத்துக்கொண்டிருப்பார். ஒரு காலைப் பொழுது முழுவதும் திறந்தவெளியில் இருந்துவிட்டு வந்த அன்று இரவு, நடு இரவில் எழாமல் உறங்கியதை நானும் அக்காவும் தனித்தனியே கவனித்தோம். மிளகு ரசத்தையே வெறுத்துக்கொண்டிருந்த எனக்கு அன்றைக்குத்தான் சோறு ருசித்தது.

இவ்விடத்தின் அமைதி தானாக வந்ததல்ல. ஊர் மக்கள் கேட்டு வாங்கிக் காப்பாற்றி வரும் அமைதி அது. 18-ஆம் நூற்றாண்டின் இறுதியில் வெள்ளைக்காரச் சிப்பாய்கள் இங்கே பறவைகளைச் சுட்டபோது, ஊரார் செங்கல்பட்டு ஆட்சியராக இருந்த லயோனல் பிளேஸிடம் முறையிட்டு, ஏரியில் வேட்டை கூடாது என்று எழுத்து மூலமாக உத்தரவு பெற்றார்கள். பின்னர் 1936-இல் அரசு இதைச் சரணாலயமாக ஏற்றது. 2022-இல் உலக அளவில் முக்கியமான ஈரநிலங்களின் ராம்சர் பட்டியலிலும் சேர்ந்தது. ஊரார் பறவைகளைக் காத்ததில் அன்பும் இருந்தது, வேளாண்மை அறிவும் இருந்தது. மரத்திலிருந்து விழும் எச்சம் நீரில் கலந்து உரமாகிறது. அந்த நீர் பாயும் வயல்களுக்கு அது பெரும் பலம். கரையின் மறுபுறம் பசேலென்று விரியும் நெல் வயல்களைப் பார்த்தால் இந்தக் கணக்கு புரியும். நோயிலிருந்து எழுந்தவர் கரைமேல் நின்று ஒருபக்கம் ஏரியையும் மறுபக்கம் வயலையும் மாறி மாறிப் பார்க்கலாம். அறைச் சுவர்களுக்குள் அடைபட்டிருந்த கண்ணுக்குத் தொலைவைப் பார்ப்பது பெரிய ஆறுதல்.

கரையில் ஆடு ஓட்டி வந்த ஒரு பெரியவர் அக்கா இரண்டு முறை உட்கார்ந்து எழுந்ததைக் கவனித்துவிட்டு, "உடம்புக்கு முடியலையாம்மா?" என்று கேட்டார். "முட்டி வலி பெரியவரே, கொஞ்ச தூரம்தான் நடக்க முடியும்" என்று அக்கா சொன்னாள். "அப்ப எதுக்கு நடக்கிறீங்க? இந்த மரத்தடியிலயே உக்காருங்க, எல்லாம் இங்கேயே வரும்" என்றார் அவர். அக்கா அங்கேயே உட்கார்ந்தாள். அடுத்த அரை மணி நேரத்தில் நான் நடந்து சென்று பார்த்ததைவிட அதிகமாக அவள் பார்த்திருந்தாள். இந்த இடத்தைப் பயன்படுத்தும் முறை குறித்து எனக்குக் கிடைத்த ஆகச்சிறந்த அறிவுரை அதுதான்.

இனி எச்சரிக்கைகள். காய்ச்சல் இன்னும் இருக்கும்போது எந்த நடையும் வேண்டாம். வைரஸ் காய்ச்சல் சில சமயம் இதயத் தசையையும் தாக்கக்கூடும். அந்நிலையில் உடலை வருத்துவது ஆபத்து. நெஞ்சு வலி, படபடப்பு, சிறு உழைப்புக்கே மூச்சுத் திணறல் ஆகியவை இருந்தால் ஏரிக்கரைக்குப் பதில் மருத்துவரிடம் செல்ல வேண்டும். டெங்குவைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டியிருக்கிறது, ஏனென்றால் மழைக்காலம் முடிந்து பறவைகள் வரும் காலமும் டெங்குவின் காலமும் நம் ஊரில் ஒன்றோடொன்று கலந்தே வருகின்றன. டெங்குவில் காய்ச்சல் இறங்கும் நேரம்தான் மிகவும் கவனிக்க வேண்டிய நேரம். பெரும்பாலும் நோய் தொடங்கிய 3 முதல் 7 நாட்களுக்குள் அது வரும். கடுமையான வயிற்று வலி, ஓயாத வாந்தி, ஈறிலோ மூக்கிலோ இரத்தம் ஆகியவை அப்போதுதான் தோன்றும். காய்ச்சல் விட்டுவிட்டது என்று மகிழ்ந்து உடனே வெளியூர் கிளம்புவது அறவே கூடாது. இரத்தப் பரிசோதனை சீராகி, மருத்துவர் ஒப்புதல் தந்து, வீட்டு மாடியிலோ தெருவிலோ சில நாள் நடந்து பார்த்த பிறகு இந்தப் பயணத்தை வைத்துக்கொள்வதே முறை.

அளவு குறித்தும் ஒரு சொல். வைரஸ் நோய்க்குப் பிறகு சிலருக்கு நடக்கும்போது ஒன்றும் தெரியாது, மறுநாளோ அதற்கு அடுத்த நாளோ படுக்கையிலிருந்து எழ முடியாத சோர்வு வரும். அப்படிப்பட்டவர்கள் நடந்த அன்று இருக்கும் உற்சாகத்தை நம்பி அளவைக் கூட்டக் கூடாது. மறுநாள் உடம்பு எப்படி இருக்கிறது என்பதை வைத்தே அடுத்த நடையைத் தீர்மானிக்க வேண்டும். கரையின் பாதித் தூரத்திலேயே திரும்பிவிடுவது நல்லது, ஏனென்றால் வந்த தூரத்தைத் திரும்பவும் நடந்தாக வேண்டும்.

பறவைகள் ஆயிரக்கணக்கில் கூடும் இடத்தில் எச்சத்தின் வாடை இருக்கத்தான் செய்யும். எனக்கு அது தொந்தரவாக இல்லை. ஆனால் குமட்டல் இன்னும் போகாதவர்களுக்கு, காற்று ஏரிப் பக்கமிருந்து வீசும் நேரத்தில் சங்கடமாக இருக்கும். ஆஸ்துமா போன்ற நுரையீரல் நோயுள்ளவர்களும், நோய் எதிர்ப்பைக் குறைக்கும் மருந்து எடுப்பவர்களும் மருத்துவரைக் கேட்காமல் செல்லக் கூடாது. நீர்நிலை என்பதால் மாலையில் கொசு அதிகம். முழுக்கைச் சட்டையும் கொசு விரட்டும் களிம்பும் அவசியம். அந்தி சாயும்போது இரைதேடிப் போன பறவைகள் வரிசை வரிசையாகத் திரும்பி வரும் காட்சி மிகவும் அழகானது என்றாலும், கொசுவையும் திரும்பும் பயணத்தின் இருட்டையும் எண்ணி, தேறி வருபவர்களுக்குக் காலை வேளையையே பரிந்துரைப்பேன்.

உண்மையில் இங்கே உடலை வருத்துவது நடையைவிடப் பயணம்தான். சென்னையிலிருந்து சுமார் 80 கிலோமீட்டர். தாம்பரத்தைத் தாண்டும் வரை நெரிசல் உடம்பை அலுக்க வைத்துவிடும். ஆகவே விடியுமுன் கிளம்புவது நல்லது. செங்கல்பட்டைக் கடந்து, பாலாற்றுப் பாலத்தையும் தாண்டி, படாளத்தில் திருச்சி நெடுஞ்சாலையிலிருந்து பிரிந்ததும் பயணத்தின் தன்மையே மாறிவிடுகிறது. கரும்பும் நெல்லும் இருபுறமும் வர, சன்னலைத் திறந்து வைத்துக்கொள்ளலாம். என்னைக் கேட்டால் நடை அங்கேயே தொடங்கிவிடுகிறது. ஒரே நாளில் போய் வரத் தெம்பில்லாதவர்கள் முந்தைய நாள் இரவே செங்கல்பட்டிலோ மதுராந்தகத்திலோ தங்கிவிடுவது மேல்.

சாப்பாட்டுக்கு அங்கிருக்கும் சிறு கடைகளை நம்பாமல் வீட்டிலிருந்தே கொண்டு போங்கள். குடுவையில் வெந்நீர், அரிசி நொய்க் கஞ்சி, உப்பு நாரத்தங்காய் இவை போதும். வழியில் இளநீர் கிடைத்தால் வாங்கிக் குடிக்கலாம். இருநோக்கி (பைனாகுலர்) கொண்டு போவதானால் 8 மடங்கு பெரிதாக்கும் எடை குறைந்த ஒன்றையே தேர்ந்தெடுங்கள். காய்ச்சலுக்குப் பின் கை லேசாக நடுங்கும்; அதிகம் பெரிதாக்கும் கருவியில் அந்த நடுக்கமும் பெரிதாகி, பார்ப்பதெல்லாம் ஆடித் தலை சுற்ற வைக்கும். கழுத்தில் கனமான கருவியைத் தொங்கவிடுவதும் தேவையற்ற பாரம்.

வேடந்தாங்கலுக்கு மிக அருகிலேயே கரிக்கிலி பறவைகள் சரணாலயம் இருக்கிறது. கூட்டம் குறைவு, வாத்து இனங்கள் அதிகம். முழு அமைதியை விரும்புபவர்களுக்கு அது மனத்துக்கு நெருக்கமாக இருக்கலாம். ஆயினும் முதல் நடைக்கு வேடந்தாங்கலையே சொல்வேன்; இருந்த இடத்திலிருந்தே கூடுகளை அருகில் பார்க்கும் வாய்ப்பு இங்கேதான் அதிகம். மெரினா போன்ற கடற்கரைகளைப் பலர் பரிந்துரைப்பதுண்டு. மணலில் கால் புதைய நடப்பது தெம்புள்ள உடம்பையே களைக்க வைக்கும், நிழலும் இல்லை. ஊட்டி, கொடைக்கானல் என்று போனால் வளைவுச் சாலைகளிலேயே வாந்தி வந்துவிடும், குளிரும் சேர்ந்துகொள்ளும். நன்றாகத் தேறிய பிறகு அவற்றுக்குப் போகலாம்.

எப்போது செல்வது என்பதில் கவனம் வேண்டும். பருவமழை பொய்த்த ஆண்டில் ஏரி நிறையாது, பறவைகளும் குறையும்; ஆகவே மழை எப்படி இருந்தது என்று விசாரித்துக்கொண்டு கிளம்புங்கள். ஞாயிற்றுக்கிழமைகளிலும் பொங்கல் விடுமுறையிலும், குறிப்பாகக் காணும் பொங்கலன்று, குடும்பம் குடும்பமாகக் கூட்டம் வரும். அமைதி தேடி வருபவர்களுக்கு அந்நாட்கள் ஏற்றவையல்ல. பொங்கல் முடிந்த பிறகு, ஜனவரிக் கடைசியிலிருந்து பிப்ரவரி நடுப்பகுதி வரையுள்ள வார நாட்களில் ஒரு காலைப் பொழுதைத் தேர்ந்தெடுங்கள். அப்போது கூடுகளில் குஞ்சுகள் வளர்ந்திருக்கும், பனி குறைந்திருக்கும், வெயிலும் இன்னும் கடுமையாகியிருக்காது. மார்ச் மாதத்திலும் பறவைகள் இருக்கும் என்றாலும், பத்து மணிக்கே சுட்டெரிக்கத் தொடங்கும் வெயிலில் பலவீனமான உடம்போடு கரைமேல் நிற்பதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.